முனியாண்டிக்கு ஒரு விசாரணை

— நான் தூக்கல தலைவரே. சத்தியமா நான் தூக்கல.

— பின்ன? முனியாண்டி தானா எந்திரிச்சு, கதவைத் தெறந்து, கோயில் படி எறங்கி வந்து, இந்தக் கொட்டுற மழையில குந்திக்கிட்டாரா? சட்டப்படி பேசு சசி. சங்கத் தலைவர் ஏழுமலைகிட்ட சுத்தி வளைக்கிற பேச்சு எடுபடாது.

— ஹரி தலைவரே, சட்டப்படியே பேசுறேன். விடிய அஞ்சு மணிலேருந்து நான் புகைக் காம்பராவுல அடுப்புக்கு வெறகு போட்டுக்கிட்டு நின்னேன். நடுவுல ரெண்டு நாள் மழை விட்டப்ப வெட்டுன ரப்பர் பாலு, ஷீட்டாகி இப்பத்தான் காயுது. ஸ்டோர்ல வேலை பாக்குற ஜோனைக் கேட்டுப் பாருங்க.

— சரின்னு தமிழ்ல சொல்லு, ஒன் சிங்கள ‘ஹரி’ இங்க வேணாம். ஜோன் ஒனக்குக் கூட்டாளி. சாட்சி செல்லாது. நான் கேக்குறேன், இந்தத் தோட்டத்துல நாலு வரிசை லயம் இருக்கு, எரநூறு சனம் இருக்கு. சாமியை வெளிய தூக்கி வைக்கிற புத்தி யாருக்கு வரும்? ஒனக்குத்தான் வரும். சீனாக்காரன் கதை ஒண்ணைப் படிச்சிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நீதானே?

— ஊரெல்லாம் சொல்லலீங்க. ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன்.

— யாரு அந்த ஆளு?

— அது இப்ப முக்கியமில்ல மாமா.

— மாமாவா? யாருக்கு யாருடா மாமா? என் மகளைக் கேட்டு வந்த. சாமிகிட்ட பூக்கட்டிப் பாப்போம்னு சொன்னேன். முனியாண்டி மூணு தடவை செவப்புப் பூவைக் குடுத்து, வேணாம்னு சொல்லிட்டாரு. அதுக்குப் பொறகும் மாமாவா?

— வாய் தவறிடுச்சு தலைவரே.

— வாயைக் கட்டு. அப்ப நீ கதை சொன்ன அந்த ஒரு ஆளுதான் சாமியைத் தூக்கியிருக்கணும். யாருன்னு சொல்லு, போயி விசாரிக்கிறேன்.

— ஐயோ, வேணாம்! ஹரி, நான்தான் தூக்கினேன்.

— இப்பத்தானே சத்தியமா இல்லன்ன?

— இப்ப சத்தியமா ஆமாங்கிறேன். எனக்கு என்னா தண்டனையோ குடுங்க. எப்படியும் வார திங்கக்கிழமை நான் கேகாலைக்குப் போறேன். அச்சகத்துல வேலை சொல்லி வச்சிருக்கேன். பொண்ணைத் தர மாட்டேன்னுட்டீங்க. தெனம் அவ வேலை பாக்குற பிள்ளைக் காம்பரா வாசல்ல நிக்கிறதைப் பாத்துக்கிட்டு இந்தத் தோட்டத்துல என்னால இருக்க முடியாது.

— போ. நல்லாப் போ. போறதுக்கு முந்தி அந்தக் கதையைச் சொல்லிட்டுப் போ.

— இப்பவா? மழையிலயா?

— விசாரணைக்கு வேணும். என்னா நோக்கத்துல செஞ்சன்னு தெரியணும்ல? இப்படித் தாவாரத்துக்குள்ள ஒதுங்கி நின்னு சொல்லு.

— அது சீனாவுல ஒரு கிராமம் தலைவரே. மூணு வருஷமாச் சொட்டு மழை இல்ல. நம்ம கதைக்கு நேரெதிர். நமக்கு நடுவுல ரெண்டு நாள் தவிர பத்தொம்பது நாளா மழை விடல, பால் வெட்ட முடியல, பேர் விழல, சம்பளம் இல்ல. அங்க வெதைச்சது மொளைக்கல. ஊருக்கு மேல சின்னதா ஒரு கோயில். உள்ள மழைச்சாமி. டிராகன் ராசான்னு சொல்லுவாங்க. பாம்பு மாதிரி ஒடம்பு, முதலை மாதிரி வாய், நம்ம முனி மாதிரியே பெரிய மீசை.

— மீசை இருக்கா? பரவால்ல. சொல்லு.

— அங்க சாமின்னா நம்ம கவர்மெண்டு உத்தியோகத்தர் மாதிரி. மேல ஒரு பெரிய ராசா. அவருக்குக் கீழ மழைக்கு ஒருத்தர், வாசக்கதவுக்கு ஒருத்தர், அடுப்புக்கு ஒருத்தர். இந்த அடுப்புச்சாமி வருஷத்துக்கு ஒருக்கா மேல போயி, இந்த வீட்டுல யாரு நல்லவ, யாரு சண்டைக்காரின்னு ரிப்போட்டு குடுப்பாராம். அதனால அவரு கெளம்புறதுக்கு முந்தி வீட்டுக்காரம்மா அவரு வாயில இனிப்புப் பாகைத் தடவி விட்டுருமாம்.

— அட! லஞ்சம்!

— லஞ்சம் பாதி, பசை பாதி. வாய் ஒட்டிக்கிச்சுன்னா கோள் சொல்ல முடியாதுல்ல.

— நம்ம கணக்கப்பிள்ளைக்கும் இப்படி ஒண்ணு செய்யலாம் போலருக்கே. சரி, வேலை செய்யாத சாமியை என்னா செய்வாங்க?

— வெளிய தூக்கி வெயில்ல வச்சிருவாங்க. நாங்க காயிறது எப்படின்னு நீயும் தெரிஞ்சுக்கன்னு. ஆனா இந்தக் கதை நடக்குறது பழைய காலத்துல இல்ல தலைவரே. புதுசா வந்த கவர்மெண்டு சாமியே கெடையாதுன்னு சொல்லிருச்சு. அந்த ஊருக்கு ஒரு கட்சி ஆபீசரைப் போட்டிருந்தாங்க. சாமியைத் தூக்கிட்டு வந்து நெல்லடிக்கிற களத்துல வச்சது ஒரு விதவைப் பொம்பள. ஆபீசர் வந்து கத்துறாரு. இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா தண்டனைன்னு.

— நியாயமான கேள்வி.

— அந்தப் பொம்பள சொல்லுது, இல்லாத ஆளுன்னா ஒனக்கு என்னாய்யா வலிக்குதுன்னு.

— ஹா! அதுவும் நியாயமா இருக்கே. பொறவு?

— உச்சி வெயில்ல, களத்துல யாரும் இல்லாத நேரம் பாத்து, அதே ஆபீசர் பூனை மாதிரி வாராரு. ஒரு துணியை நனைச்சு சாமி தலையில போட்டுட்டு ஓடிப் போறாரு.

— சாமி இல்லன்னு சொன்ன ஆளா? என்னாத்துக்கு?

— களிமண்ணு சாமி தலைவரே. வெயிலுக்கு வெடிச்சிரும்னு பயம்.

— நல்ல மனுசன்யா. மழை வந்துச்சா?

— அஞ்சாம் நாள் வந்துச்சு. வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. சனமெல்லாம் ஆடுது, பாடுது. சந்தோசத்துல சாமியை உள்ள தூக்கி வைக்க எல்லாரும் மறந்துட்டாங்க. களிமண்ணு கரைஞ்சு களமெல்லாம் ஓடுது. அந்த ஆபீசர் மட்டும் ஒரு வாளியை வச்சுக்கிட்டு, அழுதுகிட்டே சாமியை அள்ளினாராம்.

— அடப்பாவமே.

— தலைவரே, கண்ணைத் தொடைக்கிறீங்களா?

— சாரல் அடிக்குதுடா. இந்தா பாரு, நம்ம முனி சிமெண்டுதானே?

— சிமெண்டுதான். ஒண்ணும் ஆகாது. பெயிண்டுதான் கொஞ்சம் போகும். மீசையில இடது பக்கம் ஏற்கனவே...

— ஐயையோ, ஒழுகுதா? தூக்குடா! ஒரு கை பிடி!

— தொடாதீங்க! ரெண்டு பேரும் சாமியைத் தொடாதீங்க!

— ஏய் மருதாயி, நீ எதுக்கு கொடையைப் பிடிச்சுக்கிட்டு இந்த மழையில வர்ற? இது கோயில் கமிட்டி விசயம், தலைவர் பொண்டாட்டின்னாலும் தலையிடக் கூடாது. வீட்டுக்குப் போ.

— நல்லாருக்குங்க ஒங்க கமிட்டி. அந்தத் தம்பியைத் தொப்பலா நனைய விட்டு என்னா விசாரணை? முனியைத் தூக்கி வச்சது நான்.

— என்னா சொல்ற?

— தமிழ்லதானே சொல்றேன். நான்தான் தூக்கினேன். கோழி கூவ முந்தி வந்தேன், கதவைத் தெறந்தேன், சும்மாடு கட்டித் தலையில வச்சேன், எறக்கினேன்.

— ஒத்தப் பொம்பளையா? திருவிழாவுக்கு நாலு ஆம்பளை சேந்துதானேடி தூக்குறோம்!

— ரெண்டு வாளி பாலைத் தூக்கிக்கிட்டு மலை எறங்குறவளுக்கு ஒங்க முனி ஒரு பாரமா? ஏன் தம்பி, நான் செஞ்சதுக்கு நீ எதுக்கு ஆமான்னு தலையாட்டினே? படியேறி வரும்போதே கேட்டுச்சு.

— இல்ல அத்தை... நான் வேற ஆளா இருக்கும்னு நெனைச்சுட்டேன்.

— என் மகதான் தூக்கினாள்னு நெனைச்சியாக்கும். அவளுக்கு அந்தத் தைரியம் இருந்தா நான் ஏன் தூக்குறேன்? நீ அவகிட்ட சொன்ன கதையை அவ எங்கிட்ட சொன்னா. கேட்டவுடனே எனக்குப் புடிச்சுப் போச்சு. வேலையை ஒழுங்காச் செய்யாட்டி சாமியா இருந்தாலும் வெளிய நில்லு. நல்ல ஊருய்யா அது.

— மழை நிக்கணும்னா செஞ்ச? சீனாக்காரன் மழை வேணும்னு வெயில்ல வச்சான், நீ வெயில் வேணும்னு மழையில வச்சியா?

— மழை நின்னா நிக்கட்டும், நிக்காட்டி போகட்டும். நான் வச்சது செவப்புப் பூவுக்கு.

— ஏய்!

— சும்மா ஏய்யின்னா? என் மக நாலு நாளா ஒழுங்காச் சாப்புடல. பிள்ளைக் காம்பராவுல நின்னு அழுவுறா. அவ அழுவுறதைப் பாத்து தொட்டில்ல கெடக்குற பன்னெண்டு புள்ளைகளும் அழுவுது. பால் குடுக்க வர்ற தாய்மார் அதைப் பாத்து அழுவுது. நல்ல பையன், குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், படிச்சவன். இவனுக்கு செவப்புப் பூ குடுத்தா அந்தச் சாமிக்கு என்னா மரியாதை? வெள்ளைப் பூவைக் கண்ணால காணுற வரைக்கும் முனி உள்ள வர முடியாது.

— இது அநியாயம். சட்டப்படி செல்லாது. ஒரு தொழிலாளியைத் தண்டிக்கிறதா இருந்தா மொதல்ல எச்சரிக்கை குடுக்கணும். பொறவு குத்தத்தைச் சொல்லணும். பொறவு விசாரணை வைக்கணும். தொரையே இதை மீறினா நான் விட மாட்டேன். நீ மீறுவியா?

— அப்ப வைங்க விசாரணையை.

— வைக்கிறேன். முனியாண்டி சார்பா நான் பேசுறேன். நீ புகார்க்காரி.

— தலைவரே, நான்?

— நீ தொரை. நடுவுல நில்லு. கேள்வி மட்டும் கேளு. மூஞ்சிய இப்படி அழுவுற மாதிரி வைக்காத. தொரை அழுவ மாட்டாரு.

— ஹரி. முனியாண்டி சாமி... வந்திருக்கீங்களா?

— நேரா எதிர்ல நனைஞ்சுக்கிட்டு இருக்காரு, வந்திருக்கீங்களான்னு கேக்குற? அவரு மேல என்னா குத்தம்னு கேளு!

— அத்தை, சாமி மேல என்னா குத்தம்?

— மூணு தடவை தப்பான பூ குடுத்தது. போன வருஷம் கரவனெல்லை மாப்பிள்ளைக்கும் செவப்பு குடுத்தது. அதுக்கு முந்தின வருஷம் புளத்கொகுபிட்டிய சந்தையில கடை வச்சிருக்கிற பையனுக்கும் செவப்பு. ரெண்டாயிரமாம் வருஷம் பொறக்க இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. எம் மகளுக்கு இருவத்தஞ்சு முடியப் போவுது. இந்தச் சாமி அவளுக்கு ஒருத்தனையும் விடுறாப்ல இல்ல.

— முனியாண்டி சார்பா நான் சொல்றேன். சாமி தன்னோட கடமையைச் செஞ்சாரு. வெத்தலையில பூவை மடிச்சு ரெண்டு பொட்டலம் அவரு காலடியில போட்டோம். ஒண்ணுல வெள்ளை நந்தியாவட்டை, ஒண்ணுல செவ்வரளி. நம்ம ஆளு எடுத்தா கள்ளம் சொல்லுவாங்கன்னு ஜோனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். நம்ம சாமியோட அவனுக்கு உறவும் இல்ல, பகையும் இல்ல. இதை விட நேர்மையா எந்தத் தோட்டத்துல பூ எடுத்திருக்கு?

— இப்பத்தான் ஜோன் சாட்சி செல்லாதுன்னீங்க தலைவரே.

— அது வேற விசாரணை. தொரை குறுக்க பேசக் கூடாது.

— தொரைதானே பேசணும்?

— நான் ஒண்ணு கேக்குறேங்க. ஜோன் எடுத்தது செவப்பு. சரி. எடுக்காத பொட்டலத்தை யாரு பிரிச்சுப் பாத்தா?

— அதைப் பிரிக்கக் கூடாது மருதாயி. அது சம்பிரதாயம்.

— யாரு வச்ச சம்பிரதாயம்? நமக்குப் பூக்கட்டிப் பாத்தப்ப எங்கப்பா ரெண்டையும் பிரிச்சு சனத்துக்குக் காட்டினாரே. ஒரு கையில வெள்ளை, ஒரு கையில செவப்பு. நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்க, மறந்து போச்சா?

— அது அப்ப.

— இப்ப அந்தப் பொட்டலம் என்னா ஆச்சு?

— என்னா ஆச்சுன்னா... ஆத்துல விட்டுட்டேன்.

— மூணு தடவையுமா?

— மழைக்கு ஆறு நெறைய ஓடுதுல்ல.

— தம்பி, தொரையா இருக்கியா, கல்லா நிக்கிறியா? கேளு!

— அது வந்து... தலைவரே, தப்பா எடுக்காதீங்க. கரவனெல்லை மாப்பிள்ளைக்குப் பூ கட்டுனது யாரு?

— நான்தான்.

— கடைக்காரப் பையனுக்கு?

— நான்தான். கமிட்டித் தலைவர்தானே கட்டணும்.

— எனக்கும் நீங்கதான். ஹரி... என் கேள்வி முடிஞ்சுது.

— என்னா முடிஞ்சுது? இன்னும் ரெண்டு கேள்வி இருக்குல்ல! வாயில பாகைத் தடவிக்கிட்டு வந்தியா?

— வேணாம் அத்தை. தலைவர் மொகம் சரியில்ல. முனியை உள்ள வச்சிருவோம். நான் திங்கக்கிழமை போயிடுறேன். யாரும் யாரையும் கேக்க வேணாம்.

— இந்தா பாரு மருதாயி, அந்தக் கொடையைக் குடு.

— எதுக்கு? நீங்கதான் தாவாரத்துல நிக்கிறீங்களே.

— எனக்கில்ல. முனிக்குப் பிடிக்கணும். மீசை ஒழுகி நெஞ்சு வரைக்கும் கறுப்பா எறங்குது. பாத்துக்கிட்டு நிக்க முடியல.

— விசாரணை முடியல. கொடை தர மாட்டேன்.

— முடிஞ்சிருச்சு. குத்தம் செய்யாத ஆளு நனையுறாரு. இருவது வருஷமா, காலையில பேர் எடுக்குற பிரட்டுக்களத்துல நின்னு நான் கத்துறது என்னா? குத்தம் செய்யாதவனைத் தண்டிக்காதன்னுதானே? கொடையைக் குடு புள்ள. ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளிதான் வச்சேன்.

— என்னாது!

— ஜோன் எதை எடுத்தாலும் செவப்புத்தான். கரவனெல்லைக்காரனுக்கும் அதேதான். எல்லாத்துக்கும் அதேதான். முனி வாயே தெறக்கல.

— அட கொடுமையே! ஒண்ணுமே சொல்லாத சாமியையா நான் தலையில சொமந்து கொண்டாந்து மழையில வச்சேன்? முனியப்பா, மன்னிச்சுக்கப்பா. ஒனக்கு ஒரு சாவல் அறுத்து, சுருட்டு வாங்கி வைக்கிறேன். ஏங்க, நீங்க போயி அங்க நில்லுங்க! அவரு எடத்துல நீங்க நில்லுங்க, சாயங்காலம் வரைக்கும்!

— நிக்கிறேன். நின்னுட்டேன். போதுமா?

— தலைவரே, சளி பிடிச்சுக்கும், உள்ள வாங்க!

— வர மாட்டேன். தண்டனைன்னா தண்டனை.

— ஏன் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல. பெத்த மக கண்ணைக் கசக்குறதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க ஒங்களுக்குச் சோறு எறங்குச்சு?

— எறங்கலதான். சாயங்காலம் ஆனா அவ லாம்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டு குந்துவா. நானும் பக்கத்துல குந்துவேன். அவ கட்டிக்கிட்டுக் கீழ்ப்பிரிவுல இருக்குற இவன் வீட்டுக்குப் போயிட்டா, பொறவு எனக்கு யாரு?

— நான் இருக்கேன்ல?

— நீ இருக்கே. ஒன்னால படிச்சுக் காட்ட முடியுமா?

— ஏங்க... தம்பி நிக்கிது.

— நிக்கட்டும். முனிக்கு முன்னால ஒண்ணைச் சொல்லிட்டேன், மத்ததை மறைச்சு என்னா ஆகப் போவுது? டேய் சசி, கேட்டுக்க. தலைவர் ஏழுமலைக்கு எழுத்துத் தெரியாதுடா. கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் என் மக சுகந்தினி சின்னதுல பள்ளிக்கொடம் போறப்ப, சிலேட்டுல என் கையைப் பிடிச்சுப் பழக்கினது. ஆபீசுக் கந்தோருலேருந்து வர்ற கடிதம், தொரைக்குப் போற பதிலு, சங்கத்து அறிக்கை, எல்லாம் அவதான் பாக்குறா. சட்டம் சட்டம்ங்கிறேனே, அந்தச் சட்டப் புத்தகத்துல அட்டை என்னா நெறம்னுதான் எனக்குத் தெரியும். அவ இல்லாட்டி ஒரே மாசத்துல தோட்டமே சிரிச்சிரும். அதான் கட்டிக் குடுக்கப் பயந்தேன்.

— இத்தனை வருஷமா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லங்க, இந்தப் பயத்தை.

— சொன்னா நீ அன்னைக்கே என்னைய மழையில வச்சிருப்ப. டேய், சிரிக்கிறியா?

— இல்லீங்க.

— அச்சகத்துக்குப் போயி அடிச்சு ஒட்டப் போறியா? நாளைக்கு லயத்துல சொல்லிருவ.

— யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

— எதை வச்சு நம்புறது?

— நாலு வருஷமா யாருகிட்டயும் சொல்லலியே மாமா. ஒங்களுக்கு வர்றது முக்காவாசி சிங்களக் கடிதம். சுகந்தினிக்குச் சிங்களம் பேச வருமே தவிர வாசிக்க வராது. நான்தான் சிங்களப் பள்ளிக்கொடத்துல படிச்சவன். அவ கொண்டாந்து குடுக்குற அந்தக் கடிதத்தையெல்லாம் அவளுக்கு வாசிச்சுச் சொல்லி, ஒங்க பேருல தொரையைத் திட்டிப் பதில் எழுதுறது நான்தான்.